நிக்கான் எஃப்எம்2: உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வாங்கத் தகுந்த ஃபிலிம் கேமராவா?

குமரி மாவட்டத்தில் கேமராவுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மீதி நாட்களில் கடப்புறம் முழுக்க உப்புக்காற்று. ஆகவே இங்கே ஒரு கேமராவை எடைபோடும்போது படம் எவ்வளவு கூர்மை என்பதைப் பிறகு பார்க்கலாம். ஈரத்தில் எது முதலில் கெடும், கெட்டால் சரிசெய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் பழைய பாடிகளில் நிக்கான் எஃப்எம்2 முன்வரிசையில் நிற்கிறது.

1982-இல் வந்த கேமரா. 1984-இல் திருத்திய வடிவம் வந்தது. அதைத்தான் எஃப்எம்2என் என்பார்கள். 2001 வரை தயாரிப்பில் இருந்தது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: பின்பக்க சீரியல் எண்ணுக்கு முன் 'என்' எழுத்து இருந்தால் புதியது. ஷட்டர் டயலிலும் தெரியும். புதியதில் 250 என்ற எண் சிவப்பில் இருக்கும். பழையதில் ஃப்ளாஷுக்கென்று தனியாக எக்ஸ்200 இருக்கும். வாங்குவதானால் எஃப்எம்2என் வாங்குங்கள். முதலில் வந்தவற்றின் ஷட்டர் தகடு தேன்கூட்டு வரி போட்ட டைட்டானியம், பிந்தையவற்றில் அலுமினியம். டைட்டானியத்துக்குக் கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. படத்தில் அதனால் ஒரு வித்தியாசமும் வராது.

ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் ஒரு நொடியிலிருந்து 1/4000 வரை எல்லா வேகமும் ஓடும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் காட்டுக்குள் மீட்டர் அணைந்துவிட்டால், போனில் ஒரு லைட் மீட்டர் செயலியைப் பார்த்துப் படம் எடுத்துவிடலாம். பேட்டரி எல்ஆர்44 இரண்டு. எஸ்ஆர்44 கிடைத்தால் அதைப் போடுங்கள்; அது தீரும்வரை ஒரே மின்னழுத்தம் தரும், மீட்டர் தடுமாறாது. வாட்ச் கடையில் 357 என்று கேட்டாலும் அதுவே.

1/4000 என்பது விளம்பர எண்ணாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் இந்த ஊருக்கு அது எவ்வளவு தேவை என்று தெரியும். நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 16-இல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) ஷட்டர் வேகம் ஏறக்குறைய ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400 ரோலில் எஃப் 16, 1/500. பின்னணி மங்க எஃப் 5.6-க்கு வந்தால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி), அதாவது சரியாக 1/4000. 1/1000-தோடு நிற்கும் பென்டாக்ஸ் கே1000-இல் அதே வெயிலில் எஃப் 11-ஐத் தாண்டித் திறக்க முடியாது. ஃப்ளாஷிலும் இதே கதை. முட்டம் பாறையில் மதிய வெயிலில் தொப்பி போட்ட முகத்துக்கு ஃப்ளாஷ் கொடுத்து நிழலைத் தூக்க வேண்டுமென்றால், ஐஎஸ்ஓ 200-க்கு 1/250, எஃப் 16 போதும். கே1000-இல் ஃப்ளாஷுக்கு ஒத்துவரும் உச்ச வேகம் 1/60. அதற்கு எஃப் 32 வேண்டும், சாதாரண 50 மி.மீ. லென்ஸில் அது கிடையாது.

மீட்டர் மையத்தைக் கூடுதலாகக் கணக்கில் எடுக்கும் வகை: 60 பங்கு நடு வட்டத்துக்கு, 40 பங்கு சுற்றுக்கு. வ்யூஃபைண்டரின் வலப்பக்கம் பிளஸ், வட்டம், மைனஸ் என மூன்று சிவப்பு விளக்குகள். வட்டம் மட்டும் எரிந்தால் சரி. வட்டமும் பிளஸும் சேர்ந்து எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்குள் அதிகம். பிளஸ் மட்டும் எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்கு மேல். ஊசி வைத்த மீட்டர்கள் பத்மநாபபுரம் அரண்மனையின் இருட்டு அறைகளில் கண்ணுக்கே தெரியாது. இந்த விளக்குகள் அங்கே தெளிவாகத் தெரியும்.

மீட்டர் சொல்வதை அப்படியே கேட்டால் ஏமாறும் இடங்கள் இங்கே நிறைய. புத்தளம் உப்பளத்தில் வெள்ளைக் குவியலைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். கடல் மினுக்கத்துக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கும் அப்படியே. எதிர்வெயில் இல்லாத இடத்தில் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். குமரிமுனை சூரிய உதயத்தில் சூரியனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி, பக்கத்து வானத்தை அளந்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டர் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டாம். மேலேறிய சூரியனை டெலி லென்ஸ் வழியாகப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து. கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிகத்தைத் தாங்கும். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழலில் சேறு படிந்ததுபோல் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் கூட்டியே எடுங்கள்.

இன்னொரு வசதி, பலரும் தொடாமல் விடுவது: ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுக்கும் நெம்பு. அதைப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸ் செய்தால் ஷட்டர் ஏறும், ஃபிலிம் நகராது. சித்ரா பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும். இரண்டையும் ஒரே நெகட்டிவில் வைக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. சூரியனை ஃபிரேமின் ஓர் ஓரத்தில் வைத்து முதல் எக்ஸ்போஷர். நிலாவை மறுபக்கத்து இருண்ட பகுதியில் வைத்து இரண்டாவது. இரண்டு வானமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் அதிகமென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். உச்சி நிலாவுக்கு எஃப் 11-இல் ஐஎஸ்ஓ எண்ணே வேகம். அடிவானத்து நிலா மங்கல், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் திறக்கலாம்.

வாங்கும்போது

இப்போது சந்தையில் இருப்பதெல்லாம் பழையவை. ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பத்துக்கு ஓடிய பாடி என்றால் ஃப்ளாஷ் மாட்டும் இடம் தேய்ந்து பளபளக்கும். ஃப்ளாஷ் போட்டுச் சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். பின்கதவைத் திறந்து ஒவ்வொரு வேகமாக அடித்துப் பாருங்கள். ஷட்டர் தகட்டில் விரல் படக்கூடாது. மெல்லிய தகடு, ஒரு நெளிவு விழுந்தால் அத்தோடு போயிற்று. தகட்டில் எண்ணெய்த் திட்டு இருந்தால் வேண்டாம்.

மெதுவான வேகங்களுக்குப் போன் போதும். நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பின்கதவு வழியாகப் பதிவு செய்து எண்ணுங்கள்: 1/15-க்கு 16 ஃபிரேம், 1/30-க்கு 8, 1/60-க்கு 4. ஓரிரு ஃபிரேம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு நொடி வேகம் ஒன்றரை நொடிக்கு இழுத்தால் உள்ளே எண்ணெய் கட்டிவிட்டது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மீட்டரைச் சோதிக்க, ஒரே வெளிச்சம் விழும் சுவரை இதிலும் ஒரு டிஜிட்டல் கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓவில் அளந்து ஒப்பிடுங்கள். எல்லா வெளிச்சத்திலும் அரை ஸ்டாப் மாறாமல் வித்தியாசம் காட்டினால் ஐஎஸ்ஓ டயலை நகர்த்திச் சமாளிக்கலாம். வெளிச்சத்துக்கு வெளிச்சம் வித்தியாசம் மாறினால் விட்டுவிடுங்கள்.

கதவோரத்து ஃபோம் பட்டை எல்லாப் பழைய கேமராவிலும் பிசினாகியிருக்கும், நம் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். அதற்காக நல்ல பாடியைத் தள்ள வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பட்டை ஒட்டலாம். மிரர் மேலே இடிக்கும் இடத்து ஃபோமையும் மாற்றுங்கள். அது உதிர்ந்தால் தூள் ஃபோகசிங் ஸ்க்ரீனில் விழும். ஸ்க்ரீனைத் துணியால் துடைத்தால் கோடு விழுந்துவிடும். காற்று ஊதும் ரப்பர் பல்பு மட்டும்.

லென்ஸும், அதைப் பங்குபோடும் டிஜிட்டலும்

எஃப்எம்2-வை வாங்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் லென்ஸ் மவுண்ட். ஃபிலிமுக்கு ஒரு லென்ஸ் கூட்டம், டிஜிட்டலுக்கு ஒரு கூட்டம் என்று வைத்தால், இந்த ஈரத்தில் காப்பாற்ற வேண்டியது இரட்டிப்பாகும். ஒரே கூட்டத்தை இரண்டுக்கும் வைத்தால் அவை அடிக்கடி வெளிச்சம் பார்க்கும், பூஞ்சையும் குறையும்.

விதி இதுதான். நிக்கான் லென்ஸ் வகைகளில் கையால் ஃபோகஸ் செய்யும் ஏஐ, ஏஐ-எஸ், சீரிஸ் ஈ, அப்பர்ச்சர் (துளை) வளையம் உள்ள தானியங்கி ஃபோகஸ் ஏஎஃப்-டி ஆகிய எல்லாம் எஃப்எம்2-இல் வேலை செய்யும். வளையமில்லாத ஜி வகை மாட்டிக்கொள்ளும், ஆனால் எப்போதும் மிகச் சிறிய துளையிலேயே நிற்கும். 1977-க்கு முந்தைய, ஏஐ ஆக்காத லென்ஸை மாட்டவே கூடாது. மீட்டர் வளையத்தை நெரித்துவிடும்.

டிஜிட்டலில் 2014-இல் வந்த டி750 இதற்குச் சரியான துணை. முழு ஃபிரேம், 24 மெகாபிக்சல், உள்ளே ஃபோகஸ் மோட்டார். ஏஐ லென்ஸை மாட்டியதும் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டா போய் ஃபோகல் நீளமும் அதிகபட்ச அப்பர்ச்சரும் கொடுங்கள். ஒன்பது லென்ஸ் வரை நினைவில் வைக்கும். மீட்டர் வேலை செய்யும், கையால் ஃபோகஸ் செய்யும்போது பச்சைப் புள்ளி எரிந்து உதவும். ஏஎஃப்-டி லென்ஸ் என்றால் வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும். மறந்தால் எஃப்ஈஈ என்று பிழை காட்டி நின்றுவிடும். கை கொஞ்சம் இறுக்கமென்றால் டி7200 போதும், அதுவும் ஏஐ லென்ஸுக்கு மீட்டர் தரும்; 50 மி.மீ. அதில் 75 போலத் தெரியும், அவ்வளவுதான். டி3500, டி5600 வகைகளில் ஏஐ லென்ஸுக்கு மீட்டர் கிடையாது, ஏஎஃப்-டி தானாக ஃபோகஸ் ஆகாது. 'நிக்கான் லென்ஸ்தானே, எல்லாம் சேரும்' என்று கடைக்காரர் சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். 2023-இல் எஃப்எம்2-வின் தோற்றத்தில் வந்த இசட்எஃப் அழகான கேமரா. எஃப்டிஇசட் அடாப்டரில் இந்த லென்ஸ்களை ஏற்கும், ஆனால் ஏஎஃப்-டி-யைத் தானாக ஃபோகஸ் செய்யாது.

லென்ஸில் முதலில் 50 மி.மீ. எஃப் 1.8. ஏஎஃப்-டி வடிவம் டி750-இல் வேகம்; ஏஐ-எஸ் வடிவம் கையால் திருப்ப சுகம், ஏஎஃப்-டி-யின் வளையம் அதற்கு மிகவும் தளர்ச்சி. அடுத்து 28 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ். 20 செ.மீ. வரை கிட்டே போகும். தோவாளைப் பூச்சந்தையில் கூடையையும் பின்னால் சந்தையையும் ஒரே படத்தில் வைக்க இதற்கு நிகரில்லை. மூன்றாவது 55 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ, மிகக் கிட்டே எடுக்கும் லென்ஸ். அதில் ஒரு தெரிந்த நோய் உண்டு: ஃபோகஸ் கிரீஸ் இறங்கி அப்பர்ச்சர் இதழில் ஒட்டும். வாங்கும் முன் பாடி இல்லாமல் நெம்பைத் தட்டிப் பாருங்கள், இதழ் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். மூன்றுக்கும் ஃபில்டர் அளவு 52 மி.மீ. ஒரே மஞ்சள், ஒரே ஆரஞ்சு வாங்கினால் போதும். கறுப்பு வெள்ளையில் மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு ஸ்டாப். லென்ஸ் வழியே அளப்பதால் மீட்டர் அதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும், நீங்கள் மறுபடி கூட்ட வேண்டாம்.

உப்பு, மணல், பூஞ்சை

இந்த மாவட்டத்துக் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் கனிம நிறுவனமான ஐஆர்இஎல் ஆலை பிரித்தெடுப்பது இந்த மணலிலிருந்துதான்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட். சிர்கான், கார்னெட் இரண்டும் கண்ணாடியைவிடக் கடினம். அதனால் கடப்புறத்தில் நின்றுகொண்டு சட்டைத் துணியால் லென்ஸைத் துடைத்தால் கோட்டிங்கில் நிச்சயம் கீறல் விழும். முதலில் ரப்பர் பல்பால் ஊதுங்கள், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கடற்கரையில் மட்டும் ஒரு யுவி ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். அரண்மனைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அதைக் கழற்றிவிடுங்கள், பேய் பிம்பம் விழும். மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். பாடிக்கு ஒரு லென்ஸ் என்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

குளச்சல் துறைமுகத்தில் வள்ளம் கரையேறும் நேரத்தில் தெறிக்கும் நீர் எஃப்எம்2-வுக்குள் இறங்கும். இதில் ரப்பர் அடைப்பு எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு லென்ஸை வெளியே விட்டு ரப்பர் பேண்ட் போடுவது போதுமான காப்பு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர் துணியால் மறுபடி துடையுங்கள். உலர்ந்த துணியை மட்டும் பயன்படுத்தினால் உப்பு அங்கேயே தேய்ந்துகொண்டிருக்கும். துரு எடுக்கும் ஸ்ப்ரே எதையும் கேமரா மேல் அடிக்கக் கூடாது. அது ஷட்டருக்குள் ஊர்ந்து போய்விடும். படம் எடுக்காத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

லாட்ஜின் ஏசி அறையிலிருந்து நேரே விடியற்காலைக் கடற்கரைக்குப் போனால் லென்ஸுக்குள்ளும் பனி படியும். கிளம்பும் முன் ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு திறங்கள். ஃபிரிட்ஜில் இருந்த ரோலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும்.

பூஞ்சை தான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் அது வளரும். நம் ஊரில் மழை மாதங்களில் அதற்குக் கீழே வருவதே அபூர்வம். தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்குத் தீனி போடும். டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் ஓரம் வைத்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். 40-க்குக் கீழே இறக்க வேண்டாம், கிரீஸ் காயும். நிறம் காட்டும் ஜெல் பச்சையாகவோ ரோஸாகவோ மாறினால் பழைய வாணலி ஒன்றில் மெல்லிய தீயில் நிறம் திரும்பும்வரை வறுங்கள். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆறிய பின்பே டப்பாவில் போடுங்கள்.

லென்ஸைச் சோதிக்க, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி சில துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் வராது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ இருந்தால் துடைக்கலாம். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே போய்விட்டால் எவராலும் எடுக்க முடியாது. அந்த லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் நல்ல லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

ரோலும் கழுவலும்

ரோலை மாட்டிய பிறகு அட்வான்ஸ் செய்யும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை. 36 எடுத்தபின் கண்டுபிடிப்பதைவிட அப்போதே திறந்து மாட்டுவது மேல். எடுத்த ரோலை வண்டியில் வெயிலில் விடாமல் ஒரு மாதத்துக்குள் கழுவுங்கள். பதிந்த பிம்பம் வெக்கையிலும் ஈரத்திலும் மங்கிப்போகும்.

கறுப்பு வெள்ளை வீட்டிலேயே கழுவலாம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலவையில் 20 டிகிரியில் 11 நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு வருவதே இல்லை. ஐஸ் கட்டிகளை ஜிப் பையில் போட்டு வாளியில் மிதக்கவிட்டு 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏழரை நிமிட அளவில் முடியும். கலக்காத டி-76 இந்த வெப்பத்தில் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும், திட்டுத் திட்டாகக் கழுவும் ஆபத்து உண்டு. டெவலப்பர், ஹைப்போ (பிம்பத்தை நிலைப்படுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் மூன்றும் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்தினால் வெள்ளைத் திட்டு விழாது. மழைக்காலத்தில் ஃபிலிம் காய ஓர் இரவு கொடுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கலர் நெகட்டிவ் கழுவும் முறை சி-41: 37.8 டிகிரி, டெவலப்பரில் 3 நிமிடம் 15 நொடி. இதில் நம் வெக்கை உதவிக்கு வருகிறது. வாளித் தண்ணீரை 28-லிருந்து 38-க்கு ஏற்றினால் போதும், சூடும் சீக்கிரம் இறங்காது.

நெகட்டிவைப் படமாக்க ஸ்கேனர் வேண்டாம். டி750, 55 மைக்ரோ, பிகே-13 என்ற 27.5 மி.மீ. இடைவளையம் மூன்றும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று அளவு கிடைக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு. நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, வ்யூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை ட்ரைபாடைச் சரிசெய்தால் நான்கு மூலையும் கூர்மையாக வரும்.

குறைகளும் உண்டு. வ்யூஃபைண்டர் 93 சதவீதம்தான் காட்டும். ஓரத்தில் கம்பமோ கையோ நுழைந்துவிடும். ஷட்டர் சத்தம் பெரிது, ஜெப வேளையில் கோயிலுக்குள் எடுக்க ஏற்றதல்ல. மீட்டர் வேலை செய்ய அட்வான்ஸ் நெம்பு 30 டிகிரி வெளியே நிற்க வேண்டும். இடக்கண்ணால் பார்ப்பவரின் நெற்றியில் குத்தும். தானியங்கி எக்ஸ்போஷர் வேண்டுமென்பவர் 1983-இல் வந்த எஃப்ஈ2 பார்க்கலாம். அதன் ஷட்டருக்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி இல்லாமல் அது 1/250-இலும், பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் 'பல்ப்' நிலையிலும் மட்டும் ஓடும். குறைந்த செலவில் தொடங்க நினைப்பவருக்கு கே1000 இன்னும் நல்ல பாடிதான். அதில் மீட்டருக்கு ஸ்விட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி தீரும். குமரியில் அந்த மூடி எப்படியும் போட்டே இருக்க வேண்டியதுதான்.